சாணும் முழமும்

"திரும்பி உட்காருடா" என்றார் எடிட்டர் சார்.

மூவியோலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பின்னால் மெஷின் தையல் மெஷின்போலக் கடகடத்து ஓடியது. இரண்டரை நிமிடம். நின்றதும் கேட்டார்: "என்ன படம்?"

மூன்று மாதமாக அந்தப் படத்தின் ரஷ்களைச் சுருட்டி அடுக்கியவன் நான்தான். பெயரைச் சொன்னேன்.

"பேரைக் கேக்கலைடா. என்ன மாதிரிப் படம்?"

"குடும்பப் படம் சார். அண்ணன், தங்கச்சி கல்யாணம், அதைக் கெடுக்க ஒருத்தன்..."

"அது உனக்குக் கதை தெரிஞ்சதால சொல்றே. இப்ப காதுல என்ன விழுந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். கண்ணாடி உடைந்தது. யாரோ வில்லச் சிரிப்பு சிரித்தார்கள். ஒரு பல்லவி பாதியில் அறுந்தது. ஜீப் பிரேக் போட்டது. அம்மா அழுதார். நகைச்சுவை நடிகர் அடி வாங்கினார்.

"சந்தைக்கடை மாதிரி இருக்கு சார்."

"ம். அப்ப மறுபடி வெட்டு."

1992, சாலிகிராமம். நான் வெட்டிய முதல் ட்ரெய்லர் அது.

அந்த நாளில் ட்ரெய்லர் என்பது எடிட்டிங் அறையின் எடுபிடி வேலை. எடிட்டர் ரீல் ரீலாக ரீ-ரெக்கார்டிங்குக்கு அனுப்பும் பரபரப்பில் இருப்பார். "முன்னோட்டத்தை நீ பார்த்துக்கோ" என்று உதவியாளன் தலையில் கட்டிவிடுவார். பார்த்துக்கொள்ளக் கையில் என்ன இருக்கும்? படத்தின் நெகடிவ் ஒன்றே ஒன்று. படத்தில் போகிற ஷாட் ட்ரெய்லருக்கும் வேண்டுமென்றால் லேபில் டூப் நெகடிவ் எடுக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு. படமும் ஒரு படி மங்கிப் பொரிபொரியாகத் தெரியும். அதனால் முடிந்தவரை என்.ஜி. டேக்குகளில், அதாவது சரியில்லை என்று ஒதுக்கியவற்றில், பொறுக்குவோம். பழைய படங்களில் சில சமயம் ட்ரெய்லரில் ஒரு பக்கம் திரும்பும் நாயகன் படத்தில் வேறு பக்கம் திரும்புவார். காரணம் இதுதான்.

என்.ஜி. டேக்கில் ஒரு புதையல் உண்டு. வசனம் பேசி முடித்த நடிகர், டைரக்டர் "கட்" சொல்லும்வரை காத்திருக்கும் அந்த இரண்டு விநாடி. முகத்தில் எந்தப் பாவமும் இருக்காது. மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். ட்ரெய்லர் வெட்டுகிறவனுக்கு அதுதான் தங்கம். பக்கத்தில் எதை ஒட்டினாலும் அந்த முகம் அதுவாகிவிடும். ரஷ்யாவில் குலெஷோவ் இதைத்தான் நூறாண்டுக்கு முன்பு செய்து காட்டினார்: மொஸ்யூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்புக்கும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தைக்கும், ஒரு பெண்ணுக்கும் பக்கத்தில் வைத்தார், பசி, துக்கம், ஆசை என்று மூன்று நடிப்பைப் பார்த்ததாகச் சனங்கள் நம்பினார்கள். இந்தப் பெயரையெல்லாம் நான் பின்னால் புத்தகத்தில் படித்தேன். சார் வைத்திருந்த பெயர் "சும்மா மூஞ்சி". "ரெண்டு சும்மா மூஞ்சி எடுத்து வைடா" என்பார். எடிட்டிங் அறைக் கொக்கியில் எப்போதும் நாலைந்து சும்மா மூஞ்சிகள் தொங்கும்.

அளவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஆக, ஒன்றரை அடி ஒரு விநாடி. ஒன்றரை அடி என்றால் ஒரு முழம்! வடபழனி கோயில் வாசலில் பூக்காரம்மா மல்லிகையை அளப்பதுபோல, பிலிமை முழங்கையில் பிடித்து நடுவிரல் நுனிவரை இழுத்தால் ஒரு விநாடி. விரல்களை விரித்துச் சாண் வைத்தால் அரை விநாடி. நம் பழைய கணக்கில் 12 விரல் ஒரு சாண், 24 விரல் ஒரு முழம். ஒரு ஃபிரேமின் உயரமும் ஏறத்தாழ ஒரு விரல் அகலம். யார் திட்டமிட்டது என்று கேட்காதீர்கள், அப்படி அமைந்துவிட்டது. இரண்டரை நிமிட ட்ரெய்லர் 225 அடி, அதாவது 150 முழம். சண்டைப் படத்துக்குச் சாண், காதல் படத்துக்கு மூன்று முழம், பேய்ப் படத்துக்கு "எப்படா வெட்டுவான்னு வயித்தைக் கலக்குற வரைக்கும்". சாரின் முழுப் பாடத்திட்டமும் இவ்வளவுதான்.

ஆனால் அந்த முதல் ட்ரெய்லரில் நான் சந்தைக்கடை போட்டதற்கு என்னை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் படங்களே தலைவாழை இலைச் சாப்பாடு. அழுகை, சிரிப்பு, சண்டை, ஐந்து பாட்டு, கடைசியில் கோயில். விநியோகஸ்தர்கள் வந்து உட்காருவார்கள். ஏ சென்டருக்குக் காதல் வேண்டும், பி சென்டருக்குத் தங்கை சென்டிமென்ட், சி சென்டருக்குச் சண்டையும் காமெடியும். ஒவ்வொருவருக்கும் இலையில் ஒரு கரண்டி வைத்து முடிப்பதற்குள் 150 முழமும் தீர்ந்துவிடும். எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் ட்ரெய்லர் என்ன படம் என்பதை மட்டும் சொல்லாது.

மறுபடி வெட்டினேன். இந்த முறை சார் ஒரே ஒரு யோசனை சொன்னார்: "கல்யாணப் படம்தானே, நாதஸ்வரத்தை எடுத்துக்க. அது மேல மத்ததெல்லாம் நடக்கட்டும்." கல்யாணக் காட்சியின் நாதஸ்வரத்தை மேக்னடிக்கில் நீளமாக எடுத்து அடியில் ஓடவிட்டேன். காதலும் காமெடியும் ஜீப்பும் அதன் மேலேயே நடந்தன. கடைசி 15 முழத்தில் கெட்டிமேளம் ஏறியது. ஏறி, உச்சிக்கு ஓர் அடி முன்னால் அறுத்தேன். சத்தமில்லை. அண்ணனின் சும்மா மூஞ்சி ஒன்று. பிறகு டைட்டில்.

மறுபடி சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். முருகனைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது: ஏதோ ஒரு கல்யாணம் நிற்கப்போகிறது. ஷாட்டுகளில் பாதிக்கு மேல் பழையவைதான், அடியில் ஓடிய சத்தம்தான் வேறு.

"பிரிண்ட்டைத் தூக்கிப் பாரு" என்று ஒருநாள் வெளிச்சத்தில் காட்டினார். பிரிண்ட்டில் படத்துக்குப் பக்கத்தில் கோடாக ஓடும் ஒலித்தடம், அதற்குரிய படத்துக்கு நேராக இருக்காது. சுமார் 20 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். புரொஜக்டரில் படம் பார்க்கும் வாசலும் சத்தம் படிக்கும் தலையும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் அப்படி. "பார்த்தியா, சத்தம் எப்பவும் முன்னாலதான் போகும். நாம அதைத் தடுக்கக் கூடாது." விஞ்ஞானத்துக்கும் அவர் சொன்ன பாடத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அடுத்த ஷாட்டின் சத்தத்தை முந்தைய ஷாட்டின் வாலிலேயே நுழைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ரயில் வரும் முன் ரயில் சத்தம். கதவு தெரியும் முன் தாழ்ப்பாள்.

அதற்குச் சில ஆண்டு கழித்து ஒரு பேய்ப் படம் வந்தது. சின்னப் பட்ஜெட். தியேட்டரில் ஓட்டும் ட்ரெய்லருக்கும் சென்சார் சான்றிதழ் தனியாக வேண்டும். 'யு' கிடைத்தால்தான் எந்தப் படத்தோடும் சேர்த்து ஓட்டலாம்; 'ஏ' வாங்கிவிட்டால் குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அது படவே படாது. ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்குப் போய்த் திரும்பியபோது ரத்தம் போச்சு, கத்தி போச்சு, கழுத்தைப் பிடிக்கும் கையும் போச்சு. கையில் மிஞ்சியது ஒரு வராந்தா, ஒரு ஊஞ்சல், நாயகியின் சும்மா மூஞ்சி.

எஃபெக்ட்ஸ் லைப்ரரியில் பேய்க்கென்றே ஒரு மூட்டை இருக்கும்: நரி ஊளை, ஆந்தை, சலங்கை, கதவுக் கிறீச், பெண் சிரிப்பு. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். சார் பார்த்துவிட்டு, "நரி ஊளை வந்தா தரை டிக்கெட் பதிலுக்கு ஊளையிடும். எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு வா" என்றார். கடைசியில் ஊஞ்சல் சங்கிலியின் கிறீச் மட்டும்தான் வைத்தோம். கிறீச், இடைவெளி, கிறீச், இடைவெளி. தாலாட்டுப்போல ஒரே சீராக 30 முழம். பிறகு சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். ஊஞ்சல் படத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. லேபில் முதல் பிரிண்ட் பார்த்த புரொஜக்‌ஷன்காரர் சவுண்ட் போய்விட்டது என்று எழுந்து ஆம்பிளிஃபயரைத் தட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் படத்தின் கேமராமேனிடம் ஒன்று கற்றேன். வைட் லென்ஸ் போட்டு நாயகியை ஃபிரேமின் ஓரத்தில் ஒதுக்கி, மிச்ச இடத்தையெல்லாம் வெறும் வராந்தாவுக்குக் கொடுத்திருந்தார். கண் தானாகவே காலி இடத்துக்குப் போகிறது. அங்கே யாராவது வந்து நிற்க வேண்டும் என்று நாமே பயந்துகொண்டு காத்திருக்கிறோம். அதே வராந்தாவை டெலி லென்ஸில் எடுத்தால் பின்னணி பஞ்சுபோலக் கரைந்துவிடும், எதிர்வெயிலில் கூந்தல் ஓரம் மின்னும், காதல் படமாகிவிடும். கரைந்த இடத்தில் பேய் நிற்க முடியாது. ட்ரெய்லர் வெட்டுகிறவன் கதையைப் பற்றிக் கவலைப்படும் முன், தன்னிடம் எந்த லென்ஸில் எடுத்தவை எத்தனை முழம் இருக்கின்றன என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. பாதிப் பேச்சை லென்ஸே பேசிவிடும்.

இருளில் மூழ்கி எழும் ஃபேட்கள் இன்று பேய் ட்ரெய்லரின் மூச்சு. எங்களுக்கு ஒவ்வொரு ஃபேடும் லேபில் ஆப்டிகல் செலவு. அதனால் ஷாட்டுக்கு நடுவில் கறுப்பு லீடரைச் சாண் சாணாக வெட்டி நேரடியாக ஒட்டினேன். பொசுக்கென்று இருட்டு, பொசுக்கென்று வெளிச்சம். பவர்கட் ஊரில் வளர்ந்தவனுக்கு அதைவிடப் பயம் வேறில்லை. பார்த்தவர்கள் புது உத்தி என்றார்கள். கஞ்சத்தனம் என்று நான் சொல்லவில்லை.

பிறகு வெளிநாட்டு ட்ரெய்லர்கள் பார்க்கக் கிடைத்தபோது ஒரு விஷயம் ஆறுதலாக இருந்தது. 1980-இல் வந்த குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தின் முன்னோட்டம் ஒரே ஒரு ஷாட்: ஓட்டல் லிஃப்ட்டின் கதவு, மேலே எழுத்துகள் ஊர்கின்றன, சங்கீதம் நெளிகிறது, கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாக வருகிறது. அங்கேயும் ட்ரெய்லரில் ரத்தம் காட்ட அனுமதியில்லை. அது துருப்பிடித்த தண்ணீர் என்று சொல்லித் தப்பித்ததாகச் சொல்வார்கள். ஹிட்ச்காக் 1960-இல் 'சைக்கோ'வுக்கு இன்னும் துணிச்சலாகச் செய்தார். படத்தை ஏறக்குறைய காட்டவே இல்லை. வீடு வாடகைக்கு விடுகிற தரகர் மாதிரி ஆறு நிமிடத்துக்கு மேல் அந்த மோட்டலைச் சுற்றிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்து, குளியலறைத் திரையைச் சரக்கென்று விலக்குவார். அப்போது அலறுவது படத்தில் அங்கே கொலையாகும் ஜேனட் லீ இல்லை, வேரா மைல்ஸ். டூப் நெகடிவுக்குக் காசில்லாத எங்கள் பாடு எவ்வளவோ தேவலை, அவர் காசிருந்தும் படத்தைத் தொடவில்லை.

சத்தம் மாறியது 90-களின் நடுவில். அதுவரை பெரும்பாலும் மோனோ ஆப்டிகல். திரைக்குப் பின்னால் ஹார்ன் ஸ்பீக்கர். அடித்தொனி எதுவும் எடுபடாது. பறையைப் போட்டால் தகர டப்பா மாதிரி வரும். அதனால் பயத்துக்கும் பரபரப்புக்கும் நடுத்தொனியில்தான் தேடுவோம்: கிறீச், வயலின் இழுப்பு, தட்டு விழும் ஓசை. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பியோடு வந்தது, அடுத்த ஆண்டு 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸோடு. தியேட்டர்காரர்கள் சப்-வூஃபர் வாங்கிப் போட்டார்கள். நாற்காலி அதிர்ந்தது. அன்றிலிருந்து மிரட்டல் காதிலிருந்து வயிற்றுக்கு இறங்கிவிட்டது. உறுமியை முதல்முறையாக உறுமியாகவே கேட்க முடிந்தது. கிராமத்து அடிதடிப் படத்தின் ட்ரெய்லர் அதற்கப்புறம் உறுமி இல்லாமல் வந்ததில்லை என்றே சொல்லலாம்: உறுமி இழுக்கும், தரையோடு கேமரா, புழுதியில் செருப்புக் கால், 96 ஃபிரேமில் எடுத்த வேட்டி மடிப்பு. நல்ல சேர்க்கைதான். இருபது வருடம் தாங்கும் என்றுதான் நான் நினைக்கவில்லை.

சத்தம் கிடைத்ததும் எல்லோருக்கும் வெறி பிடித்தது. ட்ரெய்லரை மட்டும் உச்சத்தில் மிக்ஸ் செய்வோம். தியேட்டரில் சவுண்ட் பிராசஸரின் குமிழுக்கு அளவு 7. ஜனங்கள் காதைப் பொத்தியதும் ஆபரேட்டர் 5-க்கோ 4-க்கோ இறக்கிவிடுவார். பிறகு படம் ஆரம்பித்தாலும் ஏற்ற மறந்துவிடுவார். அமெரிக்காவில் இந்தச் சண்டை முற்றிப்போய், ட்ரெய்லரின் சராசரிச் சத்தம் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று அவர்களே கூடிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இங்கே கட்டுப்பாடு ஆபரேட்டரின் கட்டைவிரல்தான்.

வெட்டும் கருவியும் அப்போதுதான் மாறியது. ஏவிட் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் 1994-இல் வந்த 'மகாநதி' என்பார்கள். எங்கள் அறைக்கு அது வந்துசேரச் சில வருடம் பிடித்தது. முழம் போடும் கைக்கு வேலை போயிற்று; சாருக்கு ஆர்வமும் போயிற்று. ஒரு மாற்றத்துக்கு ஒரு நாள் என்பது போய், ஒரு நாளைக்கு 20 மாற்றம். அதுவரை தயாரிப்பாளர்கள் தியேட்டரில் உட்கார்ந்து முடிந்ததைப் பார்ப்பார்கள். இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் சோபா போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

என் அனுபவத்தில் ட்ரெய்லரிலேயே கடினமானது காமெடி. பேயைப் பாதி மறைத்துக் காட்டலாம், சண்டையைத் துண்டு துண்டாகக் காட்டலாம், ஜோக்கைப் பாதி காட்டினால் ஜோக் இல்லை. முழுக்கக் காட்டினால் தியேட்டரில் அந்த இடம் செத்துவிடும். போஸ்டர் ஒட்டும் பையன்கூட முன்கூட்டியே வசனத்தைச் சொல்லிவிடுவான். நான் கண்டுபிடித்த வழி, ஜோக் சொல்கிறவரை விட்டுவிட்டு அதைக் கேட்கிறவர் முகத்தைக் காட்டுவது. கேமரா அசையாமல் தூரத்தில் நிற்கும் வைட் ஷாட்டை எடுத்து, வெட்டாமல் விட வேண்டும். வெட்டாமல் விடுவதற்கு வேண்டிய தைரியம் எனக்கே எல்லா நாளும் வருவதில்லை. 'முனி'யும் 'காஞ்சனா'வும் வந்து பேயையும் சிரிப்பையும் ஒரே படத்தில் ஓட்டிக் காட்டிய பிறகு இன்னொரு தலைவலி: சங்கீதம் ஏறி ஏறிப் போய், அலறல் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வரவேண்டும். ஒரு சாண் தள்ளிப்போனாலும் இரண்டும் கெட்டுவிடும்.

இனி என் பாவக்கதை.

2005 வாக்கில் ஒரு நண்பர் ஒரு வீடியோவைக் காட்டினார். ராபர்ட் ரியாங் என்று நியூயார்க்கில் ஓர் உதவி எடிட்டர். போட்டி ஒன்றுக்காக, மேலே சொன்ன அதே 'தி ஷைனிங்' படத்தை எடுத்து, அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளும் இதமான குடும்பப் படத்தின் ட்ரெய்லராக வெட்டியிருந்தார். மலைப்பாதையில் கார், பையனின் சிரிப்பு, பீட்டர் கேப்ரியல் பாட்டு. கோடரி தூக்கிய மனிதன் பாசமுள்ள அப்பாவாகிவிட்டான். மூன்று முறை போடச்சொல்லிப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மூன்று வருடம் கழித்து அதையே தலைகீழாக, காசு வாங்கிக்கொண்டு, நான் செய்தேன்.

ஒரு புது டைரக்டரின் படம். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவருக்கு மறதி நோய் வருகிறது, பையன் பார்த்துக்கொள்கிறான். இவ்வளவுதான். அழகான படம், மெதுவான படம். தயாரிப்பாளர் அண்ணாச்சி சோபாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தம்பி, கெழவனும் மாத்திரையுமா இருக்கு. இப்படியே காட்டுனா யாரு வருவா? வட்டி ஏறுது. ஏதாவது பண்ணுங்க."

ஏதாவது பண்ணினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி மேஜை டிராயரைத் திறக்கிறார். கை உள்ளே போகும்போது வெட்டிக் கறுப்பு வைத்தேன். எந்த வீடு தன் வீடு என்று தெரியாமல் நடுராத்திரியில் தெருவில் நிற்கிறார். வசனத்தை எடுத்துவிட்டால் எதையோ நோட்டம் பார்க்கும் ஆள். பையன் மருந்தோடு மாடிப்படி ஏறுகிறான். மருந்து தெரியாமல் காலை மட்டும் வைத்தால் விரட்டல். சமையலறைக் குக்கர் விசிலை இழுத்துத் தொனியை இறக்கினேன், போலீஸ் சைரன் மாதிரி ஆகிவிட்டது. அடியில் எட்டு விநாடி ஏறிக்கொண்டே போகும் ஒரு ஒலி. உச்சியில் பையனின் சும்மா மூஞ்சி. தடால். டைட்டில்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் வெட்டியவற்றில் கட்டுக்கோப்பானது அதுதான். அண்ணாச்சி எழுந்து என் தோளைத் தட்டினார். டைரக்டர் பையன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் மதுரையில் நானும் பின்வரிசையில் இருந்தேன். அரங்கம் நிறைந்திருந்தது, எல்லாம் இருபது வயதுப் பையன்கள். அரை மணி நேரம் பொறுத்தார்கள். போஸ்ட்மாஸ்டர் பேத்திக்குப் பல் தேய்த்துவிடும் காட்சியில் ஒரு குரல்: "யோவ், எப்பய்யா கொலை?" அப்புறம் விசில், அப்புறம் நாற்காலி. மறுநாள் யாரும் வரவில்லை. வந்தவர்களை ஏமாற்றியது ஒரு தப்பு, அது டிக்கெட் காசோடு போயிற்று. பெரிய தப்பு வேறு. அந்தப் படத்துக்கு உண்மையாகவே வந்திருக்கக்கூடியவர்கள், வீட்டில் அப்படி ஒரு அப்பாவை வைத்துக்கொண்டிருப்பவர்கள், கொலைப் படம் என்று நினைத்து வாசல் பக்கமே வரவில்லை. நான்தான் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து வளசரவாக்கத்தில் ஒரு டப்பிங் தியேட்டர் வாசலில் அந்த டைரக்டரைப் பார்த்தேன். ஒளிய இடமில்லை. அவரே வந்து கைகொடுத்தார். "சார், ட்ரெய்லர் ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அந்தப் படத்தை எடுத்திருக்கலாம்னு இப்பவும் தோணும்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். அது கிண்டலாக இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது நான் வெட்டுவது குறைவு. இரண்டு உதவியாளர்கள் வெட்டுகிறார்கள், நான் பின்னால் இருக்கும் சோபாவுக்கு வந்துவிட்டேன். 2010-இல் 'இன்செப்ஷன்' ட்ரெய்லர்களில் ஒரு பித்தளை முழக்கம் கேட்டது; அது உலகம் முழுக்கப் பரவி இங்கேயும் வந்தது. அண்ணாச்சிமார்கள் அதற்கு வைத்த பெயர் கப்பல் சங்கு. "அந்தக் கப்பல் சங்கை ரெண்டு தரம் போடுங்க" என்பார்கள். மாமியார் மருமகள் படத்துக்கும் போடச் சொல்வார்கள்.

பெரிய நட்சத்திரப் படங்களுக்கு, என்ன வகைப் படம் என்ற அடையாளமே தேவைப்படாமல் போய்விட்டது. 2016 மே மாதம் வந்த 'கபாலி' டீசரில் என்ன கதை இருந்தது? ஒரு மனிதர் நடந்து வந்தார். அவ்வளவே போதுமாக இருந்தது. அங்கே வகை என்பதே அந்த மனிதர்தான். 2020-இல் 'விக்ரம்' பெயர் அறிவிப்பு வந்தபோது கொஞ்சம் பொறாமைப்பட்டேன். வாழையிலை போட்டு விருந்து தயாராகிறது, அதே வீட்டில் ஆயுதங்கள் ஒளித்துவைக்கப்படுகின்றன. விருந்தின் நிதானத்திலேயே வெட்டியிருந்தார்கள், சாணுக்கு இறங்கவே இல்லை. சார் இருந்திருந்தால் முருகன் காலண்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு தடவை கேட்டிருப்பார்.

சென்ற மாதம் ஒரு காதல் படம். என் உதவியாளர்களில் ஒருத்தி வெட்டினாள்; கெட்டிக்காரி. மாடிப்படியில் பெண் இறங்கி ஓடுகிறாள், கொலுசு ஒலிக்கிறது, அடியில் செல்லோ மெதுவாக வருடுகிறது. ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டபோது யாரோ முதுகைத் தடவிக்கொடுப்பதுபோல இருந்தது. நானே திரும்பி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக் கேட்டேன். காதல்தான், சந்தேகமில்லை. தயாரிப்பாளருக்கு அனுப்பு என்றேன்.

"போன்ல ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பலாம் சார்" என்றாள். எல்லோரும் போனில்தான் பார்க்கப்போகிறார்கள். கீழே டீக்கடைக்குப் போனோம். பெஞ்சில் போனைச் சாய்த்து வைத்து ஓடவிட்டாள். மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாய்லரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். ட்ரெய்லர் பாதி ஓடியிருக்கும்.

"என்ன சார், பேய்ப் படமா?" என்றார், திரும்பாமலே.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டாள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் செல்லோ வரவே இல்லை, பழைய ஹார்ன் ஸ்பீக்கரில் பறை வராதது மாதிரி. ஆளில்லாத மாடிப்படி, கொலுசுச் சத்தம் மட்டும்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறினோம்.